மால்புராக் கிடாவும் முட்டைக் கருவும்

ஜயப்பூரிலிருந்து தெற்கு நோக்கி மால்புராவுக்குச் செல்லும் சாலையில் சிராவண மாதத்தில் பிரயாணம் செய்கிறவர், மோட்டாரில் அமர்ந்திருந்தாலும், கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களின் வேகத்துக்கே கட்டுப்பட்டவராகிறார். டிக்கி என்னும் ஊரில் கல்யாண்ஜி என்ற திருநாமத்தோடு கோயில் கொண்டிருக்கும் திருமாலைத் தரிசிக்கும் பொருட்டு, ஆடவரும் பெண்டிரும் இடுப்புக் குழந்தைகளுமாகக் கொடி பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு சாலையின் ஒரு பாதியை அவர்கள் அடைத்துச் செல்ல, மற்றப் பாதியில் லாரிகளும் ஒட்டக வண்டிகளும் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தன. எங்கள் ஓட்டுநர் ஹாரனைத் தொடுவதே அபசாரம் என்று கருதியவர்போல ஊர்ந்தார். பந்தல் போட்டுப் பூரியும் கிழங்கும் வழங்கிக்கொண்டிருந்த புண்ணியவான்கள் எங்களையும் பக்தர்கள் என்றே எண்ணித் தொன்னையை நீட்டினார்கள்; நாங்களும் அந்த எண்ணத்தைக் கலைக்கவில்லை.

எனக்கோ டிக்கிக்கு அப்பால் வேலை இருந்தது. மால்புராவை அடுத்த அவிகாநகரில், 1962ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் புல்வெளியைப் பார்த்து வந்த தமிழர்களுக்கு இந்த நிலையம் முற்றிலும் அந்நியமானதன்று. அங்கே பனிமூட்டத்தினூடே மேய்ந்துகொண்டிருக்கும் பாரத் மெரினோ ஆடுகளோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அந்தப் பண்ணை இந்த வறண்ட பூமியில் இருக்கும் தாய் நிலையத்தின் தென்னாட்டுக் கிளை என்பதையும், அது 1965 முதல் அங்கே நடந்து வருகிறது என்பதையும் பெரும்பாலும் அறிவதில்லை. நான் அவிகாநகருக்குச் சென்றது கம்பளியைப் பார்ப்பதற்காக அன்று. கிடாவின் விந்தைக் குளிரவைத்து ஒரு நாள், இரண்டு நாள் கெடாமல் காக்கும் முயற்சி அங்கே நெடுங்காலமாக நடந்து வருவதையும், அதற்காக அந்தத் திரவத்தில் முட்டை முதல் வைட்டமின் வரை பலவிதமான சேர்மானங்களைக் கலந்து பார்ப்பதையும் கேள்விப்பட்டு, அதை நேரில் காண வேண்டும் என்ற ஆவலோடு போனேன்.

மழை பெய்து ஓய்ந்திருந்தபடியால் நிலம் தன் சுபாவத்தை மறைத்துக்கொண்டு பசுமையாக இருந்தது. கம்பும் பயறும் கொத்தவரையும் விளைந்திருந்த வயல்களின் நடுவே, கிளைகளை ஆட்டுக்கு வெட்டிக் கொடுத்தே மொட்டையாகிப்போன வன்னி மரங்கள் நின்றன. மந்தைகள் ஆங்காங்கே தென்பட்டன. நீண்ட கால்களும், இளம்பழுப்பு முகமும், குழல்போலச் சுருண்ட சின்னஞ்சிறு காதுகளும் உடைய இந்த ஆடுகளுக்கு மால்புரா என்றே பெயர். இவற்றின் ரோமம் முரடானது. கம்பளத்துக்கு ஆகும், மேனியில் உடுத்த ஆகாது. ஆனால் பஞ்சத்தைத் தாங்கும் சக்தியில் இவற்றுக்கு நிகர் குறைவு என்கிறார்கள்.

என்னுடன் வந்தவர் சேலம் ஜில்லாக் கிராமம் ஒன்றில், மேச்சேரி ஆடுகளின் நடுவே பிறந்து வளர்ந்து, இப்பொழுது வடநாட்டில் உத்தியோகம் பார்க்கும் இளம் கால்நடை மருத்துவர். நம் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவது சர்வ சாதாரணமாகிவிட்டதே, உறையவைத்த விந்தைத் திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்களே, ஆட்டுக்கு மட்டும் ஏன் இந்த ஒரு நாள், இரண்டு நாள் தவிப்பு என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

“ஆட்டின் கருப்பை வாயைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள், ஐயா. பசுவுக்கு ஆசனவாயில் கையை விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குழலை உள்ளே செலுத்திவிடலாம். செம்மறிக்குள் யார் கை நுழையும்? அப்படியே குழல் போனாலும் உள்ளே வழி நேராக இல்லை.”

உண்மைதான். செம்மறி ஆட்டின் கருப்பைக் கழுத்து நாலு முதல் ஏழு வரை வளையங்களாக மடிந்து கிடப்பது. முதல் வளையத்தின் துவாரத்துக்கு நேரே இரண்டாவது வளையத்தின் துவாரம் அமைவது அரிது. குழலை வாயிலிலேயே நிறுத்தி விந்தை விட்டுவிட்டு, மேற்கொண்டு வழியைத் தேடிக்கொள்ளும் பொறுப்பை விந்தணுக்களிடமே ஒப்படைத்தாக வேண்டும். உறைந்து உருகிய விந்தணுவுக்கு அந்தத் தெம்பு இருப்பதில்லை. அதன் ஆயுளும் சுருங்கிவிடுகிறது. வயிற்றில் சிறு துளையிட்டு உள்நோக்குக் கருவியின் துணையால் கருப்பையிலேயே விந்தைச் செலுத்தும் முறையை ஆஸ்திரேலியாவில் கில்லீன், காஃப்ரி என்ற இருவர் 1982இல் வெளியிட்டார்கள். அது பணமும் பயிற்சியும் வேண்டுவது. மரத்தடியில் நின்று செய்வதன்று. ஆகவே, உறையாமல் குளிர்ந்து மட்டும் இருக்கும் விந்தே மந்தைக்காரனுக்கு எட்டக்கூடியது.

மறுநாள் விடியற்காலையில் விந்து எடுக்கும் கொட்டகைக்குச் சென்றோம். பருவத்தில் இருந்த பெட்டை ஒன்றை ஒரு சட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். உதவியாளர் கையில் இருந்த ரப்பர் உருளையின் சுவர்களுக்கிடையே 42 முதல் 45 டிகிரி வரை சூடுள்ள வெந்நீர் ஊற்றப்பட்டிருந்தது. அதன் முனையில் அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குழல். கிடா வந்தது, மோந்தது, மேல் உதட்டைச் சுருட்டி ஆகாயத்தைப் பார்த்தது, ஏறியது, இறங்கியது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வம்சவிருத்தியின் பொருட்டு நடக்கும் இதை எழுதுவதில் கூச்சத்துக்கு இடமில்லை. கோயில் தூண்களில் இதைவிட விஸ்தாரமாகச் செதுக்கி வைத்த தேசத்தவர்கள் நாம். கண்ணாடிக் குழலில் கெட்டித் தயிரின் நிறத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் இருந்தது. அந்த ஒரு மில்லிலிட்டரில் சுமார் 300 கோடி விந்தணுக்கள் என்றார் மருத்துவர். ஒரு பெட்டைக்குப் 10 கோடி முதல் 20 கோடி வரை போதுமாகையால், கிடாவின் அந்த ஒரு கணத்தைக் கொண்டு பதினைந்து பெட்டைகளுக்குக் குறையாமல் கருவூட்டிவிடலாம்.

ஒரு துளியைச் சூடான கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். குறைந்த பெருக்கத்தில் தனித்தனி அணு எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை. கருத்த அலைகள் மட்டும் ஒன்றையொன்று விழுங்கி, சுழன்று, சிதறி, மறுபடி திரண்டு, கணமேனும் ஓயாமல் புரண்டுகொண்டிருந்தன. அலையின் வேகத்துக்குச் சுழியிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் இடுவது இவர்களுடைய வழக்கம். நான் பார்த்ததற்கு ஐந்து கொடுத்தார்கள். பிறகு, வேண்டுமென்றே, அதே விந்தில் ஒரு துளியைக் குளிர்ந்த குழலில் நேராக விட்டு எடுத்து என்னிடம் காட்டினார்கள். அலைகள் இல்லை. பெருக்கத்தை உயர்த்திப் பார்த்தபோது, சில அணுக்கள் ஒரே இடத்தில் வட்டமிட்டன, சில பின்னோக்கி நகர்ந்தன, பெரும்பாலானவை அசைவற்றுக் கிடந்தன. சில நிமிஷங்களுக்கு முன் ஐந்து மதிப்பெண் பெற்ற அதே பொருள்!

இந்தக் குளிர் அதிர்ச்சிக்குக் காரணம் விந்தணுவைப் போர்த்தியிருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வு. கிடாவின் விந்தணுச் சவ்வில் எளிதில் கெடக்கூடிய நிறைவுறாத கொழுப்பு மிகுதி; சவ்வுக்கு உறுதி தரும் கொலஸ்ட்ராலோ குறைவு. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்த கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் நடப்பது எளிதில் விளங்கும்: ஒன்று உறைந்து வெண்கட்டியாகத் திரள, மற்றது திரவமாகவே விலகி நிற்கிறது. சவ்விலும் அவ்வாறே சில கொழுப்புகள் முந்தி உறைந்து ஒதுங்க, உறைந்ததற்கும் உறையாததற்கும் நடுவே இடைவெளி தோன்றி, உள்ளே இருக்க வேண்டியவை வெளியேறி, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுந்துவிடுகிறது. கருமுட்டையைத் துளைப்பதற்கென்று தலையில் கவிந்திருக்கும் உறையும் அகாலத்தில் கழன்றுவிடுகிறது. இதைத் தடுப்பதற்கு இரண்டு உபாயங்கள்: ஒன்று, மெல்லக் குளிரவைத்தல், மற்றொன்று, சவ்வுக்குத் துணையாக வேறு கொழுப்பை அருகில் நிறுத்துதல்.

மெல்லக் குளிரவைப்பதற்கு அவர்கள் கையாண்ட வழி, விலை உயர்ந்த யந்திரங்களை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விந்தும் கலவை நீரும் சேர்ந்த குழலை, 30 டிகிரி வெந்நீர் நிறைந்த பெரிய கண்ணாடிக் குவளையில் நிறுத்தி, குவளையோடு குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். குவளைத் தண்ணீர் முழுவதும் குளிர்ந்த பிறகுதானே உள்ளிருக்கும் குழல் குளிர வேண்டும்? 5 டிகிரிக்கு இறங்க இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரத்தை எந்தச் சேர்மானத்தாலும் ஈடுசெய்ய முடியாது என்றார், கொட்டகையிலேயே தலை நரைத்த உதவியாளர்.

துணைக் கொழுப்பு என்றேனே, அதுதான் முட்டையின் மஞ்சள் கரு. அன்று இட்ட கோழி முட்டையை உடைத்து, வெள்ளையை வடித்து, மஞ்சள் உருண்டையை வடிதாளின்மேல் முன்னும் பின்னும் உருட்டி, ஒட்டியிருக்கும் வெள்ளை முழுவதும் தாளில் உறிஞ்சப்பட்ட பின்பு, தோலை ஊசியால் குத்திக் கருவை மட்டும் குழலில் ஒழுகவிடுகிறார் ஒரு பெண்மணி. அவருடைய விரல்களில் இருந்த லாகவத்தை நம் வீட்டுச் சமையலறைகளில்தான் கண்டிருக்கிறேன். டிரிஸ் என்னும் காரப் பொருள், எலுமிச்சை அமிலம், பழச் சர்க்கரை, பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை கரைந்த நீரில் இந்தக் கருவை நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பங்கு வரை சேர்க்கிறார்கள். பழச் சர்க்கரை காரணமில்லாமல் சேர்க்கப்படுவதன்று. விந்தில் இயற்கையாக உள்ள சர்க்கரையே அதுதான் என்று கேம்பிரிட்ஜில் தாடியஸ் மான் 1946இல் நிரூபித்திருக்கிறார். மஞ்சள் கருவின் மகிமையை அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிலிப்ஸ் 1939இல் வெளியிட்டார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ ரசாயனங்கள் வந்தும் அதை முற்றிலும் அகற்ற முடியவில்லை. முட்டையோடு நோய்க்கிருமியும் வந்துவிடுமே என்ற அச்சத்தால் சோயாவிலிருந்து எடுத்த லெசித்தினைச் சிலர் நாடுகிறார்கள். பாலையும் பயன்படுத்துவது உண்டு. ஆனால் பச்சைப் பாலில் விந்தணுவுக்கு ஆகாத ஒரு புரதம் இருப்பதால், 92 முதல் 95 டிகிரி வரையிலான சூட்டில் சுமார் பத்து நிமிஷம் வைத்து அதன் நஞ்சை முறித்த பின்பே சேர்க்க வேண்டும்.

குளிர் அதிர்ச்சியைக் கடந்துவிட்டால் அபாயம் நீங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. 5 டிகிரியில் விந்தணு தன் வேலையை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறதேயன்றி முற்றிலும் நிறுத்திக்கொள்வதில்லை. மூச்சு நடந்துகொண்டேயிருக்கிறது, அந்த மூச்சின் கழிவாகப் பிராணவாயுவின் கொடிய வடிவங்கள் தோன்றி, முன்பு சொன்ன நிறைவுறாத கொழுப்பைத் தாக்கிக் கெட்டுப்போகச் செய்கின்றன. இதில் மனத்தை உலுக்கும் விஷயம் ஒன்று உண்டு. டோசிக், வால்டன் என்ற இருவர் காளையின் விந்தை ஆராய்ந்து, விந்தணுக்களிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகி அவற்றின் சுவாசத்தையே தடுக்கிறது என்று 1946இல் கண்டார்கள். அதைத் தொடர்ந்த ஆராய்ச்சியில், இறந்த அணுக்களிலிருந்து கசியும் ஒரு நொதியே முட்டைக் கருவில் உள்ள அமினோ அமிலங்களைப் பிடித்து அந்த விஷத்தைப் பிறப்பிக்கிறது என்று தெளிவாயிற்று. ஆக, செத்தவை உயிரோடிருப்பவற்றைச் சாகடிக்கின்றன. காக்க வந்த முட்டையும் அதற்கு உடந்தையாகிறது.

இந்த இடத்தில்தான் சேர்மானங்களின் பெரும்படை நுழைகிறது. பெராக்ஸைடை உடைக்கும் கேட்டலேஸ், உயிரணுக்களில் இயல்பாகவே காவல் புரியும் குளுட்டாதயோன், சவ்வுக்குள்ளேயே குடியேறிக் கொழுப்பைக் காக்கும் வைட்டமின் ஈ, டாரின், சிஸ்டீன், டிரிஹலோஸ் என்னும் சர்க்கரை, மெலடோனின். இவை போதாவென்று பச்சைத் தேயிலைச் சாறு, தேன், நம் முருங்கைக் கீரையின் சாறு வரையில் கிடா விந்தில் கலந்து பார்த்துவிட்டார்கள். முருங்கையின் பெயரைக் கேட்டதும் எனக்கு உண்டான பெருமிதத்தை மருத்துவர் நீடிக்கவிடவில்லை. எந்தச் சாறானாலும் அளவு மிஞ்சினால் விந்தணு செயலிழந்துவிடும் என்றும், கருமுட்டையைத் துளைப்பதற்கு ஆயத்தமாகும் கட்டத்தில் அதே பிராணவாயு வடிவங்கள் சிறிதளவு விந்தணுவுக்கு அவசியம் என்றும், அவற்றை அடியோடு துடைத்துவிட்டால் அதுவும் கேடுதான் என்றும் அவர் விளக்கினார்.

என் அபிப்பிராயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் வெளியாகும் கட்டுரைகளில் மிகப் பல, இன்ன சேர்மானத்தை இன்ன அளவில் கலந்தோம், இத்தனை மணி நேரத்துக்குப் பின் நூற்றுக்கு இத்தனை அணுக்கள் கூடுதலாக நீந்தின என்று கணிப்பொறி எண்ணிக் கொடுத்த கணக்கோடு நின்றுவிடுகின்றன. நீந்தியவற்றில் எத்தனை குட்டியாயின என்று கேட்கத் துணிந்தவை சிலவே. குட்டியை எண்ணுவதற்கு நூற்றுக்கணக்கான பெட்டைகளும் ஐந்து மாதப் பொறுமையும் வேண்டும் என்பது வாஸ்தவம். ஆயினும் மந்தைக்காரன் எண்ணுவது அது ஒன்றைத்தான். குளிரவைத்த விந்தைக் கருப்பை வாயில் செலுத்தினால், சேமித்த ஒவ்வொரு நாளுக்கும் சினைப் பிடிப்பு நூற்றுக்குப் பத்திலிருந்து முப்பத்தைந்து வரை குறைகிறது என்று, இந்த விஷயத்தில் பிரமாணமாகக் கொள்ளப்படும் மாக்ஸ்வெல், சாலமன் இருவரும் 1993இல் தொகுத்துக் கூறினார்கள். சேர்மானம் எதுவும் விந்தின் குணத்தை உயர்த்துவதில்லை. சாவைச் சற்றே தள்ளிப்போட்டு, சில மணி நேரத்தை நமக்குச் சம்பாதித்துத் தருகிறது, அவ்வளவே. அந்தச் சில மணி நேரத்தைச் சாலையும் மந்தையும் எவ்வாறு செலவழிக்கின்றன என்பதில்தான் பலன் இருக்கிறது. பிரான்ஸில் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிப் பிரதேசத்து லகோன் ஆடுகளுக்குப் பாலில் கலந்து 15 டிகிரியில் வைத்த விந்தை அன்றைய தினமே செலுத்தி, ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கருவூட்டுகிறார்கள். அவர்களுடைய வெற்றியில் அபூர்வமான சேர்மானத்துக்குப் பங்கு குறைவு. இன்ன நாளில் இன்ன பட்டிக்கு வண்டி வரும் என்ற ஒழுங்குக்கே பங்கு அதிகம். அதற்கும் முன்பு, மஞ்சள் கருவின் புகழ் பரவாத 1936இலேயே, மேலே சொன்ன அதே வால்டன் கேம்பிரிட்ஜிலிருந்து குளிர்ந்த கிடா விந்தை ஆகாய விமானத்தில் போலந்துக்கு அனுப்பி, இரண்டு நாளைக்குப் பிறகு அங்குள்ள பெட்டைகளுக்குச் செலுத்திப் பார்த்திருக்கிறார். விமானமும் ஒருவகைச் சேர்மானம்தான் போலும்.

எங்களுக்கு வாய்த்ததோ ஜீப். காலையில் எடுத்த விந்து, கால் மில்லிலிட்டர் குச்சிகளில் அடைக்கப்பட்டு, பனிக்கட்டியை நேராகத் தொட்டுவிடாதபடி துணி சுற்றிய பெட்டிக்குள் அமர்ந்து, முற்பகலில் எங்களோடு புறப்பட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் மருத்துவர் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த கிராமத்தில், சிவப்புத் தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர் பட்டியில் பெட்டைகளை மடக்கி வைத்திருந்தார். அவிகெசில் என்று நிலையமே தயாரித்த மருந்துப் பஞ்சைச் சில நாள் உள்ளே வைத்து எடுத்ததனால், அத்தனை பெட்டைகளும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வந்திருந்தன. வேலை வேகமாக நடந்தது. பட்டிக் கம்பியின்மேல் பெட்டையின் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, விளக்குப் பொருத்திய குழாயை வைத்துக் கருப்பை வாயைத் தேடி, அதன் முதல் மடிப்பில் குழலின் முனையைத் தொடுத்து, மருத்துவர் மிக மெதுவாக அழுத்தினார். ஒன்று முடிந்ததும் அதன் காதில் உள்ள எண்ணை உரக்கப் படிப்பார், உதவியாளர் எழுதிக்கொள்வார்.

எல்லாம் முடிந்து தேநீர் வந்தபோதுதான் வழக்கு ஆரம்பமாயிற்று. முதியவரின் சொந்தக் கிடா பட்டிக்கு வெளியே கட்டப்பட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் அதைப் பெட்டைகளின் அருகில் விடக் கூடாது என்றும், விட்டால் பிறக்கும் குட்டி நிலையத்துக் கிடாவினுடையதா இவருடையதா என்று சொல்ல முடியாமல் போகும் என்றும், இப்பொழுது சினை பிடிக்காத பெட்டை எப்படியும் பதினேழாம் நாள் மறுபடி பருவத்துக்கு வருமாகையால் அப்பொழுது அவர் கிடாவுக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். முதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டாக்டர் சாகேப், உங்கள் கணக்குச் சரியாக வர வேண்டும் என்பதற்காக என் கிடா விரதம் இருக்க வேண்டுமா?” என்றார். பட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கிடாவைக் கட்டியே வைத்தால் மேய்ச்சல் கெட்டு இளைத்துவிடும். மந்தையோடு விட்டால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். கடைசியில், கிடாவின் வயிற்றின் கீழ்த் துணியை மறைப்பாகக் கட்டி மந்தையோடு அனுப்புவது என்று முடிவாயிற்று. பழைய சாக்காக இருந்தால் ஒரே நாளில் கிழித்துவிடும், சர்க்கார் கித்தான்தான் வேண்டும் என்று முதியவர் நிபந்தனை விதித்தார். மருத்துவர் ஜீப்பின் பின்புறத்தில் மடித்து வைத்திருந்த கித்தானிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். அதை வாங்கி, இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்த முதியவர், இதைக் கட்டுவதற்குக் கயிறும் சர்க்கார் கயிறாகத்தானே இருக்க வேண்டும் என்றார்.